பச்சை மலையின் வாய்க்கால்கள்

ஓமான் நாட்டின் உட்பகுதியில், நிஸ்வா நகரத்துக்கு வடக்கே ஒரு மலை இருக்கிறது. அதன் பெயர் ஜெபல் அல் அக்தர். அரபு மொழியில் பச்சை மலை என்று பொருள். கீழே வெயிலில் நின்று பார்க்கிறவனுக்கு இந்தப் பெயர் ஒரு பகிடி போலத்தான் படும். கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பலும் மண்ணிறமும் கலந்த சுண்ணாம்புப் பாறை. ஒரு புல்லும் தெரியாது. பச்சை எல்லாம் மேலே, ஏறத்தாழ இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில், ஒரு மேட்டுநிலத்தின் விளிம்பில் ஒளித்திருக்கிறது.

அந்த மேட்டுநிலத்தைச் சயீக் என்பார்கள். அதில் சயீக், ஷுரைஜா, அல் ஐன், அல் அக்ர், வாதி பனீ ஹபீப் என்று சின்னச் சின்னக் கிராமங்கள். எங்களூர்க் கணக்கில் ஒரு குறிச்சிக்குக் கூடக் காணாது. வீடுகள் பாறையின் விளிம்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் காலடியில் பாத்தி பாத்தியாய், படி படியாய்ப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிற தோட்டங்கள். ஒவ்வொரு படியும் கல்லடுக்கி வரம்பு கட்டி, மண் நிரப்பி, கையால் செய்தது. மாதுளை, அக்ரூட், அப்ரிகொட், பீச், உள்ளி, கால்நடைக்குப் புல். எல்லாவற்றிலும் பெயர்போனது றோசா. பங்குனி கடைசியில் பூக்கத் தொடங்கினால் சித்திரை முழுவதும் பூக்கும். விடியப்புறமே இதழைப் பறித்துவிடுவார்கள்.

அந்த இதழில் இவர்கள் பன்னீர் வடிக்கிறார்கள். மண்ணால் கட்டிய அடுப்பு, அதற்குள் இதழும் நீரும் கொண்ட பானை, அதற்குள்ளே ஒரு சின்னப் பாத்திரம், மேலே குளிர்ந்த நீர் நிறைந்த மூடி. ஆவி எழும்பி மூடியில் பட்டுச் சொட்டுச் சொட்டாய் உள்பாத்திரத்தில் விழும். மணித்தியாலக் கணக்கில் விறகு எரியவேண்டும். வடித்ததைச் சாடிகளில் ஊற்றிப் பல நாட்கள் தெளியவிடுவார்கள். இதில் வருகிற பன்னீருக்குப் புகை மணம் உண்டு. கலியாண வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற எங்களுக்கு அந்த மணம் முதலில் பிழையாகத்தான் தோன்றும். ஓமானியர்களோ புகை மணம் இல்லாத பன்னீரைப் பன்னீராகவே எண்ணமாட்டார்கள். அவர்களுடைய அல்வாவுக்கும் கோப்பிக்கும் அதுதான் வேண்டும்.

நிஸ்வாவில் ஒரு சின்னத் தேநீர்க் கடையில் இரண்டு வருஷம் வேலை செய்தேன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி இடையில் விட்டவனுக்குக் கோப்பை கழுவுகிற இடத்திலும் வரலாறு அகப்படத்தான் செய்யும். மலையிலிருந்து சந்தைக்கு வருகிற கிழவர்கள் வெள்ளிக்கிழமைகளில் அங்கே வந்து இருப்பார்கள். மாதுளைப் பெட்டிகள் விற்ற காசு மடியில் இருக்கும். இப்போது நான் ஷார்ஜாவில் ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்கிறேன். இங்கே எழுதுகிற விஷயம் அந்த இரண்டு ஊர்களையும் இணைக்கிறது. எப்படியென்று பின்னால் சொல்கிறேன்.

மலைக் கிராமத்தை விளங்கிக்கொள்ள முதலில் அதன் தண்ணீரை விளங்கிக்கொள்ள வேண்டும். ஓமானின் பாசன வாய்க்காலை ஃபலாஜ் என்பார்கள். ஊற்றிலிருந்தோ நிலத்தடி நீரிலிருந்தோ, பம்ப் எதுவுமில்லாமல், சரிவை மட்டும் நம்பி நீரைக் கொண்டுவருகிற வழி. நாடு முழுவதும் மூவாயிரம் அளவில் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. மலைமேலுள்ளவை பெரும்பாலும் ஊற்று வாய்க்கால்கள். பாறையில் வெட்டியும் சாந்து பூசியும் கட்டியவை. அகலம் ஒரு முழம்கூட இராது.

அந்த ஒரு முழ அகலத்துக்குள் ஒரு ஊரின் முழுச் சட்டமும் ஓடுகிறது. வாய்க்கால் முதலில் குடிநீர் எடுக்கிற இடத்தைத் தொடும். பிறகு பள்ளிவாசல், பிறகு குளிக்கிற இடம், அதன் பிறகுதான் தோட்டம். தோட்டத்துக்குரிய தண்ணீர் நேரத்தால் பிரிக்கப்படும். அரை மணித்தியால அளவுள்ள ஒரு பங்கை அதர் என்பார்கள். பகலில் நிழலை வைத்தும் இரவில் நட்சத்திரத்தை வைத்தும் முறை பார்த்தார்கள். தண்ணீர்ப் பங்கு பிள்ளைகளுக்குச் சீதனம்போலப் போகும், விற்கலாம், ஏலம் போடலாம். இதையெல்லாம் கவனிக்க வகீல் என்றொருவர், முறையைப் பிரித்துவிட அரீஃப் என்றொருவர். எங்களுடைய வன்னிக் குளங்களின் கீழ் வட்ட விதானை செய்த வேலையைத்தான் இவர்களும் செய்தார்கள். வட்ட விதானையைக் கண்ட எவருக்கும் இந்த மலையில் அந்நியம் தோன்றாது.

வாய்க்கால் உடைந்தால் ஊர் உடைகிறது. 1950களில் விமானத்திலிருந்து குண்டு போட்டவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

அந்தச் சண்டைக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. ஓமானின் உட்பகுதி மக்கள் பெரும்பாலும் இஸ்லாத்தின் இபாழி பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் தலைவரைப் பரம்பரையாக அல்லாமல் தெரிவுசெய்கிற ஒரு மரபு இருந்தது. அப்படித் தெரிவானவர் இமாம். கடற்கரையில் மஸ்கற்றில் இருந்த சுல்தான்கள் பரம்பரை ஆட்சியாளர்கள். பிரித்தானியாவின் ஆதரவில் நின்றவர்கள். 1913இல், மலையின் அடிவாரத்திலுள்ள தனூஃப் என்ற ஊரில் கூடிய கோத்திரத் தலைவர்களும் மார்க்க அறிஞர்களும் ஸாலிம் பின் ராஷித் அல் கரூஸியை இமாமாகத் தெரிந்தார்கள். தனூஃப், பனீ ரியாம் கோத்திரத்தின் ஊர். மலைமேலுள்ள கிராமங்களும் அந்தக் கோத்திரத்துக்கே உரியவை. 1915இல் இமாமின் ஆட்கள் மஸ்கற்றைப் பிடிக்க இறங்கியபோது அவர்களைத் தடுத்தது பிரித்தானிய இந்தியப் படை.

1920 செப்ரெம்பர் 25இல் ஸீப் என்ற கடற்கரை ஊரில் ஓர் உடன்படிக்கை வந்தது. சுல்தான் உட்பகுதியில் தலையிடுவதில்லை, உட்பகுதியார் கடற்கரையைத் தாக்குவதில்லை. மற்றவையெல்லாம் வரியும் போக்குவரத்தும் பற்றியவை. முப்பத்தைந்து வருஷம் இது நின்றது. இமாம் முகமது அல் கலீலி 1954இல் இறக்கும்வரை நிஸ்வாவில் இருந்து ஆட்சி நடத்தினார். மலைக்காரர் மாதுளையும் பன்னீரும் கொண்டு கழுதையோடு இறங்கினார்கள். பேரீச்சையும் அரிசியும் கருவாடும் கொண்டு ஏறினார்கள். பேரீச்சை அந்த உயரத்தில் வளராது. ஏறும் வழிகளில் முக்கியமானது பிர்கத் அல் மவ்ஸ் என்ற ஊரில் தொடங்கும். அந்தப் பெயருக்கு வாழைக் குளம் என்று பொருள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து வந்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு சிரிப்பு வரும்.

அந்த ஏற்பாட்டை முறித்தது எண்ணெய். உட்பகுதியில் ஃபஹூத் என்ற இடத்தில் எண்ணெய் இருக்கலாம் என்று ஈராக் பெற்றோலியக் கொம்பனியின் கிளை நம்பியது. அங்கே போவதற்குச் சுல்தானின் அதிகாரம் உட்பகுதி வரை செல்லவேண்டும். கொம்பனியின் பணத்தில் ஒரு படை சேர்க்கப்பட்டது. 1954இல் இப்ரி பிடிபட்டது. 1955 ஒக்ரோபரில் புரைமிச் சோலையிலிருந்து சவூதிக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த டிசெம்பரில் நிஸ்வாவும் விழுந்தது. புதிய இமாம் காலிப் பின் அலி பதவியை விட்டுத் தன் கிராமத்துக்குப் போனார். அவருடைய தம்பி தாலிப் சவூதிக்குத் தப்பி, அங்கே ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்.

இதில் வரலாறு செய்த கேலியையும் சொல்லவேண்டும். 1956இல் ஃபஹூத்தில் தோண்டிய முதற் கிணறு வரண்டு போனது. எண்ணெய் சில நூறு மீற்றர் தள்ளி இருந்தது. அதே இடத்தில் எண்ணெய் கண்டது 1964இல். முதற் கப்பல் புறப்பட்டது 1967இல். அதற்கிடையில் ஒரு போர் நடந்து, முடிந்து, மலையின் வாய்க்கால்களில் குண்டும் விழுந்துவிட்டது.

1957 யூனில் தாலிப் தன் ஆட்களோடு கடல்வழியாக வந்திறங்கினார். யூலையில் சுல்தானின் படை தோற்றுச் சிதறியது. பனீ ரியாமின் தலைவர் ஸுலைமான் பின் ஹிம்யார் இமாமோடு சேர்ந்தார். நிஸ்வாக் கோட்டையில் மறுபடியும் இமாமின் கொடி ஏறியது. சுல்தான் ஸயீத் பின் தைமூர் பிரித்தானியாவிடம் உதவி கேட்டார். யூலை கடைசியில் வெனம் ரக ஜெற் விமானங்கள் வந்தன. நிஸ்வா, இஸ்கி, பஹ்லா, பிர்கத் அல் மவ்ஸ் ஆகிய ஊர்களின் கோட்டைகள் தாக்கப்பட்டன. தனூஃப் ஊரே அழிந்தது. இன்று போனாலும் அந்தச் சுவர்களைப் பார்க்கலாம். கூரையில்லாத மண் வீடுகள், ஒரு பள்ளிவாசலின் வளைவு, பாறையோரமாக ஒரு வாய்க்கால்.

அந்த விமானங்கள் ஷார்ஜாவிலிருந்து எழும்பின. 1932இல் இம்பீரியல் எயர்வேய்ஸ் கொம்பனிக்காகக் கட்டிய விமானத்தளம் அது. பிறகு பிரித்தானிய விமானப்படையின் தளமாயிற்று. 1971இல் அவர்கள் போனபின் நகரம் அதன்மேல் வளர்ந்தது. பழைய விமானநிலையக் கட்டடம் அல் மஹத்தா என்ற நூதனசாலையாக நிற்கிறது. ஓடுபாதை இருந்த நேர்கோடு இன்று கிங் அப்துல் அஸீஸ் வீதி. ஷார்ஜாவில் வேலை செய்கிற தமிழர்களில் அந்த வீதியால் போகாதவர் குறைவு. கடைகள், வங்கிகள், சாப்பாட்டுக் கடைகள் உள்ள சாதாரண வீதி. எதற்காக அது அவ்வளவு நேராக இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

1957 ஓகஸ்ட்டில் தரைப்படையும் வந்தது. பிரித்தானியரின் கமறோனியன் றெஜிமென்ற், சுல்தானின் படை, இவற்றோடு ட்றூஷல் ஓமான் ஸ்கவுட்ஸ் என்ற படை. இந்த மூன்றாவது படை இன்றைய எமிறேற்ஸ் பகுதியில், ஷார்ஜாவைத் தலைமையிடமாகக் கொண்டு பிரித்தானிய அதிகாரிகளின் கீழ் இருந்தது. நிஸ்வா மறுபடி விழுந்தது. காலிப், தாலிப், ஸுலைமான் மூவரும் தங்கள் ஆட்களோடு மலைமேல் ஏறினார்கள். மலையை எவராலும் பலவந்தமாக ஏறிப் பிடிக்க முடியாது என்பது அங்கே பரம்பரைப் பேச்சு. ஒரு சில ஒற்றையடிப் பாதைகள்தான். பத்துப் பேர் மேலே இருந்து கல்லுருட்டினாலே நூறு பேரைத் தடுக்கலாம்.

ஆகவே ஒரு வருஷத்துக்கு மேல் விமானங்களே மலையோடு சண்டை பிடித்தன. ஷாக்கிள்ரன் என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களும் சேர்ந்தன. 1958 யூலை தொடக்கம் டிசெம்பர் வரையான ஆறு மாதங்களில் மட்டும் 1,635 பறப்புகள், 1,094 தொன் குண்டுகள், 900 றொக்கற்றுகள் என்று இந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். எதன்மேல்? ஆயுதம் தாங்கியவர்கள் குகைகளுக்குள் போய்விடுவார்கள். குகையில்லாதவை வீடு, படித்தோட்டம், ஆடு, வாய்க்கால். பிற்காலத்தில் திறக்கப்பட்ட பிரித்தானிய அரச ஆவணங்களில், தண்ணீரையும் பயிரையும் தாக்கி மலைக்காரரைப் பணியவைப்பது பற்றி அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கை தவறி விழுந்த குண்டுகளாக இவற்றைச் சொல்ல முடியாது.

1958 என்றால் எங்களுக்கு இன்னொரு ஞாபகம் உண்டு. அந்த வருஷம் மே மாதம் இலங்கையில் தமிழர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறங்கினார்கள். எங்களில் எத்தனையோ குடும்பங்களின் அகதிக் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதே கோடையில் இந்த மலைக்காரர் குகைக்குள் இருந்தார்கள். எங்கள் பாட்டன்மாருக்கு இவர்களைத் தெரியாது, இவர்களுக்கு எங்களைத் தெரியாது. ஆனால் இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு கயிறு இருந்தது. 1957இல் பண்டாரநாயக்கா அரசாங்கம் திருகோணமலையையும் கட்டுநாயக்காவையும் பிரித்தானியரிடமிருந்து திருப்பி வாங்கியது. சிங்கப்பூருக்குப் போகிற வழியில் இறங்க இடமில்லாமற் போனவர்கள் மாலைதீவின் கன் தீவில் ஒரு தளம் கட்டினார்கள். அந்தப் பாதைக்கு ஓமானின் மஸீரா தீவும் தேவைப்பட்டது. 1958 யூலையில் சுல்தானும் பிரித்தானியாவும் கடிதங்கள் மாற்றிக்கொண்டபோது, படையுதவி ஒரு பக்கம், மஸீராத் தளம் மறுபக்கம். ஒரு மலைக் கிராமத்தின் தலைவிதியை எழுதுகிற பேனை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

விமானத்தால் முடியாததை முடிக்க எஸ்.ஏ.எஸ். படையைக் கூப்பிட்டார்கள். அவர்கள் அப்போது மலாயாவில் இருந்தார்கள். மலாயா அவசரகாலச் சட்டத்தின் கீழ் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடியவர்கள். அந்தச் சட்டத்தின் கீழ்த்தான் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். றப்பர்த் தோட்டத் தமிழர்கள் கம்பிவேலிக்குள் குடியமர்த்தப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். மலாயாவில் வேலை முடிகிறபடியால் படையைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சும் லண்டனில் இருந்தது. பச்சை மலை அதற்கு ஆயுள் கொடுத்தது.

1959 ஜனவரி 26ஆம் திகதி இரவு ஏறத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஒரு தந்திரம் செய்தார்கள். சாமான் சுமக்கிற கழுதைக்காரரைக் கூப்பிட்டு, தனூஃப் பக்கத்தால் ஏறப்போகிறோம், இதை எவருக்கும் சொல்லக்கூடாது என்று சொன்னார்கள். சொல்லக்கூடாது என்றது மலைக்குப் போய்ச் சேர்ந்தது. காவலாட்கள் அந்தப் பக்கம் குவிந்தார்கள். படை வேறொரு சரிவால், கமா என்ற பள்ளத்தாக்குக்கு அருகால் ஏறியது. விடிய மேலே நின்றது. விமானத்திலிருந்து சாமான் பொதிகள் பரசூட்டில் இறங்கியதைக் கண்ட மலைக்காரர், ஆட்கள்தான் குதிக்கிறார்கள் என்று நினைத்துச் சோர்ந்தார்கள் என்றும் சொல்வார்கள். தலைவர்கள் மூவரும் தப்பிச் சவூதி போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த ஓர் இரவைப் பற்றி இங்கிலாந்தில் பல புத்தகங்கள் வந்துவிட்டன. ஏறிய வீரர்களும் அதிகாரிகளும் எழுதினார்கள். சுல்தானின் படைக்குத் தலைமை தாங்கிய டேவிட் ஸ்மைலியும் எழுதினார். எத்தனை இறாத்தல் சுமை, நிலவு எப்படி இருந்தது, சோமாலியாவிலிருந்து கொண்டுவந்த கழுதைகள் எவ்வளவு சிறியவை என்பதெல்லாம் எமக்குத் தெரியும். ஷுரைஜாவில் ஒரு பெண் அந்தப் பதினெட்டு மாதமும் தண்ணீரை எங்கே போய் எடுத்தாள் என்பது அந்தப் புத்தகங்களில் இல்லை. ஏறியவர்களுக்கு எழுத்து இருந்தது, ஏறப்பட்டவர்களுக்கு நிஸ்வாத் தேநீர்க் கடையில் ஒரு வெள்ளிக்கிழமைப் பேச்சு மட்டும் இருந்தது.

எஸ்.ஏ.எஸ்.இன் கதை அந்த மலையோடு நிற்கவில்லை. 1970 தொடக்கம் 1976 வரை ஓமானின் தெற்கே டோஃபாரில் சண்டை செய்தார்கள். அந்தப் படையிலிருந்து விலகியவர்கள் எழுபதுகளின் நடுப்பகுதியில் கே.எம்.எஸ். என்றொரு தனியார் கொம்பனியைத் தொடங்கினார்கள். அது ஓமானிலும் வேலை செய்தது. 1984இல் அதே கொம்பனி இலங்கைக்கு வந்து பொலிஸ் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது. கிழக்கு மாகாணத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் படையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கே.எம்.எஸ்.இன் இலங்கை நடவடிக்கைகள் பற்றி லண்டன் பெருநகரப் பொலிஸ் 2020இல் ஒரு விசாரணையைத் தொடங்கியது. மலாயாத் தோட்டம், பச்சை மலை, டோஃபார், களுத்துறை, அம்பாறை என்று ஒரு கோடு கீறினால், அந்தக் கோட்டில் எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் இந்த மாதுளைத் தோட்டக்காரர். இது எவரும் சேர்ந்து செய்த சதி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தொழில் கைமாறிக் கைமாறிப் போன பாதை, அவ்வளவுதான்.

மலையில் இன்னொன்றும் இருக்கிறது. 1958 ஓகஸ்ட் 30இல் ஒரு வெனம் விமானம் மேட்டுநிலத்தில் விழுந்து நொருங்கியது. விமானி இறந்தார். அவர் குண்டு போட வந்தவர். மலைக்காரர் அவரை அங்கேயே குழிவெட்டிப் புதைத்தார்கள். கல்லடுக்கிய அந்தக் கல்லறை இன்றும் இருக்கிறது. அருகில் விமானத்தின் உடைந்த பாகங்களும் கிடக்கின்றன. எவரும் அதைக் கிளறவில்லை. இறந்த பிள்ளைகளின் கல்லறைகளைப் புல்டோசர் உழுதுபோட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அதனால் இந்தச் சின்னச் செய்தி எங்களை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தி வைக்கும்.

தப்பிப்போனவர்களின் கதை எங்களுக்கு மிகவும் பழக்கமானது. 1957 ஓகஸ்ட்டிலேயே அரபு நாடுகள் ஓமான் பிரச்சினையைப் பாதுகாப்புச் சபைக்குக் கொண்டுபோக முயன்றன. நிகழ்ச்சி நிரலிலேயே அது சேர்க்கப்படவில்லை. 1960 தொடக்கம் பொதுச்சபை ஒவ்வொரு வருஷமும் பேசியது. சுவீடன் நாட்டு இராஜதந்திரி ஒருவர் போய்ப் பார்த்து 1963இல் அறிக்கை கொடுத்தார். பிறகு ஒரு விசேட குழு, அதற்கும் ஓர் அறிக்கை. 1965 டிசெம்பர் 17இல் 2073ஆம் இலக்கத் தீர்மானம் வந்தது. ஓமான் மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு, பிரித்தானியா தன் படைகளை எடுக்கவேண்டும் என்று அது சொன்னது. இதைவிடத் தெளிவாக ஒரு தீர்மானம் இருக்கமுடியாது. ஜெனீவாவில் ஒவ்வொரு மாசி பங்குனியிலும் கொட்டும் பனியில் நின்றவர்களுக்கு இப்படி ஒரு வாசகம் கிடைத்ததில்லை. கிடைத்த இவர்களுக்கு என்ன நடந்தது? 1970 யூலை 23இல் சுல்தான் ஸயீத்தை அவருடைய மகன் காபூஸ் பிரித்தானியரின் உதவியோடு அகற்றினார். 1971 ஒக்ரோபரில் ஓமான் ஐ.நா. அங்கத்துவ நாடாயிற்று. கோவை மூடப்பட்டது. இமாம் காலிப் சவூதியிலேயே இருந்து 2009இல் தம்மாமில் காலமானார். மலையை விட்டு இறங்கி ஐம்பது வருஷம்.

இவர்களைப் புனிதர்களாக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஸுலைமான் பின் ஹிம்யார் ஒரு பெருநிலக் கோத்திரத் தலைவர். மக்கள் அவரை மலையின் அரசன் என்றுதான் அழைத்தார்கள். இமாமின் பகுதியிலும் சுல்தானின் பகுதியிலும் அடிமைகள் இருந்தார்கள். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1970இல்தான். இமாமைத் தெரிந்தவர்கள் தலைவர்களும் மௌலவிகளுமே ஒழிய, வாய்க்காலில் தண்ணீர் திருப்பியவன் அல்ல. சவூதி பணம் கொடுத்தது புரைமியை நினைத்து, மலையை நினைத்து அல்ல. ஒரு பக்கம் முழு வெள்ளை, மறுபக்கம் முழுக் கறுப்பு என்று எழுதப் பழகிய கை எங்களுடையது. அந்தக் கையால் இந்த மலையை எழுத முடியாது. எங்களுடைய சொந்த ஊரையும் எழுத முடியாது என்பது என் அபிப்பிராயம்.

காபூஸ் சுல்தான் 2020 ஜனவரியில் இறக்கும்வரை ஐம்பது வருஷம் ஆண்டார். எண்ணெய்ப் பணத்தில் மலைக்குப் பாடசாலை, வைத்தியசாலை, மின்சாரம், றோட்டு எல்லாம் வந்தன. கூடவே சயீக்கில் ஓர் இராணுவ முகாமும் வந்தது. 2000களின் நடுப்பகுதி வரை வெளியாட்கள் அனுமதிப் பத்திரமில்லாமல் மலைக்கு ஏற முடியாது. பிறகு றோட்டு திறந்தது. 2014இலும் 2016இலும் பள்ளத்தாக்கின் விளிம்பில் பெரிய உல்லாச ஹொட்டேல்கள் வந்தன. 1986இல் இங்கிலாந்து இளவரசி டயானா வந்து நின்று பார்த்த இடம் என்று ஒரு விளிம்புக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். உல்லாசப் பயணிகள் அங்கே நின்று எதிர்ப்பக்கத்துப் படித்தோட்டங்களைப் படம் எடுக்கிறார்கள். 1958இல் ஒரு வெனம் விமானியும் அதே தோட்டங்களை அதே அழகோடுதான் மேலிருந்து பார்த்திருப்பான். எங்கள் காங்கேசன்துறையில் உயர் பாதுகாப்பு வலயமும், அதற்குள் இராணுவம் நடத்துகிற உல்லாச விடுதியும் வந்ததை அறிந்தவர்களுக்கு, இந்த வரிசை ஆச்சரியம் தராது. முதலில் குண்டு, பிறகு முகாம், பிறகு விடுதி.

வாதி பனீ ஹபீபின் பழைய வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. பள்ளத்தின் இரண்டு பக்கமும் கல்லும் மண்ணுமான வீடுகள், கீழே அக்ரூட் மரங்கள். ஊரவர்கள் மேட்டில் புதிய வீடு கட்டிப் போய்விட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீட்டை விட்டவர்கள் தோட்டத்தை விடவில்லை. மாதுளைக்கு இன்றும் ஆள் இறங்குகிறது. அந்த ஆள் பலவேளைகளில் வங்காளதேசத்தவர் என்பதும் உண்மை. அல் அக்ரிலும் ஷுரைஜாவிலும் ஒவ்வொரு சித்திரையிலும் றோசா பூக்கிறது. சில வீடுகளில் இரும்பு அடுப்பும் காஸும் வந்துவிட்டன, சிலவற்றில் இன்னும் விறகுதான். வாய்க்கால்களில் தண்ணீர் ஓடுகிறது. மழை குறைந்து ஊற்று மெலிந்துவிட்டது என்று அங்கத்தையவர்கள் முறையிடுகிறார்கள். ஹொட்டேல்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

ஓமானில் தனூஃப் என்ற பெயரில் ஒரு தண்ணீர்ப் போத்தல் விற்கிறது. மஸ்கற்றிலும் நிஸ்வாவிலும் சாப்பாட்டு மேசைகளில் அதைக் காணாமல் இருக்க முடியாது. நானே ஆயிரக்கணக்கான போத்தல்களைத் திறந்து மேசையில் வைத்திருக்கிறேன். குடிக்கிறவர்களில் பலருக்கு அது ஓர் ஊர் என்பது தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பேசுவதில்லை. அந்த நாட்டில் 1957 பாடப்புத்தகத்துக்குரிய வருஷம் அல்ல. நிஸ்வாக் கிழவர்கள் கதைத்தபோதும் குரலைத் தாழ்த்தியே கதைத்தார்கள். தாங்கள் தோற்றது பற்றி அவர்களுக்குப் பெரிய கவலை இருந்ததாக எனக்குப் படவில்லை. எந்தப் பாத்தி யாருடையது, எந்த வாய்க்கால் எங்கே உடைந்தது, அதை யார் யார் கூடிக் கட்டினார்கள் என்பதில்தான் அவர்களுக்குள் இன்னும் சண்டை வந்தது.

இந்தக் கட்டுரையை எழுத என்னை நெருக்கியது அந்தச் சண்டைதான். வளைகுடாவின் எந்த நாடும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ளவர்களுக்கு அகதி என்று ஒரு காகிதமாவது உண்டு. எங்களுக்கு விசாவில் தொழிலின் பெயர் மட்டும்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கிறோம். இங்கே ஒருவன் எத்தனை வருஷம் இருந்தாலும் எதற்கும் பங்காளியாவதில்லை. ஆகவே நாங்கள் எதையாவது சொந்தமாக வைத்திருப்பதென்றால் அது ஞாபகம் ஒன்றுதான். அந்த ஞாபகத்தை நாங்கள் எதில் செலவழிக்கிறோம்? எந்தத் தலைவர் எந்தத் திகதியில் என்ன சொன்னார், எந்தத் தீர்மானத்தில் எந்தச் சொல் விடுபட்டது என்பதில். அவை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. 2073ஆம் தீர்மானத்தை நானும் மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தத் தீர்மானம் இன்று ஒரு கோவைக்குள் இருக்கிறது, வாய்க்கால் மலையில் ஓடுகிறது. வாய்க்காலைத் திருப்பிக் கட்டியவர்களுக்குத் தேவைப்பட்டது அது எந்தப் பாறையால் வந்தது, யாருக்கு எத்தனை அதர் என்ற ஞாபகம்.

எங்களுடைய ஊர்களிலும் அந்த ஞாபகம் உள்ளவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்தக் குளத்தின் எந்தத் துருசு எந்த வயலுக்குத் திறந்தது, எந்தக் கிணறு பங்குக் கிணறு, அதில் யாருக்கு எந்த நாள் இறைப்பு, வலயத்துக்குள் போன காணியின் எல்லைக்கல் எந்தப் பூவரசின் கீழ் இருந்தது, எந்தச் சாதிக்காரரை எந்தக் கிணற்றில் அள்ளவிடவில்லை. இவற்றைக் கேட்டு எழுத ஒரு கொப்பியும் பேனையும் போதும். லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் முதியவர்கள் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். பச்சை மலையின் அந்தப் பதினெட்டு மாதத்தை எழுதாமல் விட்டதற்கு அங்கத்தையவர்களிடம் ஒரு காரணம் உண்டு, பேசினால் ஆபத்து. கடல் கடந்து இருக்கிற எங்களுக்கு அந்தக் காரணம் இல்லை.